மாடல் நம்பர் ஒன்று தப்பினால் மொத்த பேட்சும் ரிஜெக்ட்: பி.எல்.சி.யில் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர், ஃபைல் ரிஜிஸ்டர் எப்படி வேலை செய்கின்றன?

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் மறைமலை நகர், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் திரும்பினால் ஒரகடம். சென்னையின் தென்புறநகர் முழுக்கத் தொழிற்சாலைகள். பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பலருக்கு ஒரு விஷயம் பழக்கமானது. ஷிஃப்ட் நடுவில் மாடலை மாற்றுவார்கள். டச் ஸ்கிரீனில் ஒரு நம்பரைத் தட்டினால் போதும், மெஷின் அடுத்த பாகத்துக்குத் தயாராகிவிடும்.

சில நாள்களில் அது சரியாக நடக்காது. நம்பர் மாறியிருக்கும், செட்டிங் மாறியிருக்காது. மெஷின் எந்த அலாரமும் கொடுக்காமல் பழைய மாடலுக்கான அழுத்தத்திலேயே புதிய பாகத்தை அடித்துத் தள்ளும். தர ஆய்வில் மாட்டும்போது நூற்றுக்கணக்கான பாகங்கள் வீண். "நம்பரைத் தப்பா போட்டது யாரு?" என்ற கேள்வி முதலில் ஆபரேட்டரிடம்தான் வரும். அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ பயிற்சியாளராகவோ இருப்பார்.

உண்மையான காரணம் பல நேரம் பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி.யின் புரோகிராமில் ஒளிந்திருக்கும். குறிப்பாக, இன்டெக்ஸ் ரிஜிஸ்டர், ஃபைல் ரிஜிஸ்டர் என்ற இரண்டு விஷயங்களில். அவை என்ன? ஏன் பயன்படுத்துகிறார்கள்? எங்கே காலை வாரும்?

பி.எல்.சி. என்றால் என்ன?

புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கம்தான் பி.எல்.சி. சென்சார், சுவிட்ச் ஆகியவற்றிலிருந்து வரும் தகவலைப் படித்து, எழுதி வைத்த புரோகிராமின்படி முடிவெடுத்து, மோட்டாரையும் வால்வையும் இயக்கும் சிறிய தொழிற்சாலைக் கணினி இது. படிப்பது, முடிவெடுப்பது, இயக்குவது என்ற இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். நொடிக்குப் பல முறை, நாள் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும்.

இதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தவை ரிலேக்கள். கார் மாடல் மாறினால் பேனல் பேனலாக வயரைப் பிரித்துத் திரும்ப மாட்ட வேண்டும். இந்தத் தலைவலிக்குத் தீர்வு தேடி 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு ஒரு கருவி கேட்டது. டிக் மார்லி இருந்த பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழு அதை உருவாக்கியது. அந்த நிறுவனத்தின் 84-வது புராஜெக்ட் என்பதால் கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர் வந்தது.

ஆக, பி.எல்.சி. பிறந்ததே மாடல் மாற்றத்தைச் சுலபமாக்கத்தான். இன்டெக்ஸ் ரிஜிஸ்டரும் ஃபைல் ரிஜிஸ்டரும் அதே வேலையின் அடுத்த படி.

முதலில், ரிஜிஸ்டர் என்றால்?

எண்ணைப் போட்டு வைக்கும் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி உண்டு. இந்தியத் தொழிற்சாலைகளில் பரவலாகக் காணப்படும் மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வகை பி.எல்.சி.யை எடுத்துக்கொள்வோம். அதில் சாதாரண டேட்டா ரிஜிஸ்டர்களுக்கு டி என்ற எழுத்து. டி0, டி1, டி2 என்று எஃப்எக்ஸ்3யு மாடலில் டி7999 வரை போகும்.

ஒரு பெட்டியில் 16 பிட் இடம். அதாவது மைனஸ் 32,768 முதல் 32,767 வரை உள்ள ஒரு முழு எண்ணை வைக்கலாம். அதைவிடப் பெரிய எண் வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து 32 பிட்டாகப் பயன்படுத்த வேண்டும்.

"டி100-ல் இருப்பதை டி200-க்கு நகலெடு" என்று புரோகிராமில் எழுதினால், அது எப்போதும் டி100-ஐத்தான் படிக்கும். முகவரி கல்லில் செதுக்கியது மாதிரி. ஆனால் இன்று டி100, நாளை டி110, மறுநாள் டி120 வேண்டும் என்றால்? அங்கேதான் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர் வருகிறது.

இன்டெக்ஸ் ரிஜிஸ்டர்: "இங்கிருந்து எத்தனையாவது?"

பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இது உடனே புரியும். பல்லாவரத்தை அடிப்படை ஸ்டேஷனாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 1 என்றால் குரோம்பேட்டை, 2 என்றால் தாம்பரம் சானடோரியம், 3 என்றால் தாம்பரம். 0 என்றால் பல்லாவரமேதான். ஸ்டேஷன் பெயரைச் சொல்லாமல், "பல்லாவரத்திலிருந்து இத்தனை" என்று எண்ணை மட்டும் மாற்றினால் இறங்கும் இடம் மாறிவிடுகிறது.

இன்டெக்ஸ் ரிஜிஸ்டர் அந்த "இத்தனை"யை வைத்திருக்கும் பெட்டி. எஃப்எக்ஸ்3யு-வில் வி0 முதல் வி7 வரை எட்டு, இசட்0 முதல் இசட்7 வரை எட்டு, மொத்தம் 16 இருக்கின்றன. புரோகிராமில் டி100இசட்0 என்று எழுதினால், "100-உடன் இசட்0-ல் உள்ள எண்ணைக் கூட்டி, வருகிற பெட்டிக்குப் போ" என்று அர்த்தம். இசட்0-ல் 0 இருந்தால் டி100. 5 இருந்தால் டி105. 60 இருந்தால் டி160. எழுதிய வரி ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடம் ஓடும்போது மாறும்.

இது பி.எல்.சி.க்காகக் கண்டுபிடிக்கப்பட்ட யோசனை அல்ல. 1949-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மான்செஸ்டர் மார்க் 1 கணினியில் இது முதன்முதலில் வந்தது. அந்தக் கணினியில் அக்யூமுலேட்டருக்கு ஏ, கன்ட்ரோலுக்கு சி என்ற எழுத்துகள் இருந்ததால், இதற்கு பி என்று பெயர் வைத்தார்கள். அதே 1949-ல்தான் குரோம்பேட்டையில் சி. ராஜம் எம்.ஐ.டி. கல்லூரியைத் தொடங்கினார். அங்கு முதலில் கற்றுத்தரப்பட்ட துறைகளில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜியும் ஒன்று.

ஓர் உதாரணம்: 20 மாடல், ஒரே மெஷின்

ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிறது. ஒரே அசெம்பிளி மெஷினில் 20 மாடல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 9 செட்டிங்: எத்தனை மில்லிமீட்டர் அழுத்த வேண்டும், எவ்வளவு பிரஷர், எத்தனை நொடி பிடித்திருக்க வேண்டும், ஸ்க்ரூ எத்தனை, டார்க் எவ்வளவு, இப்படி. இதோடு ஓர் இடத்தைக் காலியாக விட்டு, மாடலுக்குப் பத்து இடம் என்று ஒதுக்குகிறார்கள். அந்தக் காலி இடம் எதற்கு என்பதைப் பின்னால் பார்ப்போம். 20 மாடலுக்கு மொத்தம் 200 பெட்டிகள், ஆர்0 முதல் ஆர்199 வரை.

இன்டெக்ஸ் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும்? "மாடல் 1 என்றால் ஆர்0-லிருந்து பத்தை நகலெடு, மாடல் 2 என்றால் ஆர்10-லிருந்து பத்தை நகலெடு" என்று 20 வரிகள். 21-வது மாடல் வந்தால் லேப்டாப்பை மாட்டிப் புரோகிராமைத் திறந்து இன்னொரு வரி சேர்க்க வேண்டும். புரோகிராம் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தால் அதுவும் சிக்கல்.

இன்டெக்ஸ் தெரிந்தவர் இப்படி யோசிப்பார்: மாடல் நம்பரிலிருந்து 1-ஐக் கழி, பத்தால் பெருக்கு, விடையை இசட்0-ல் போடு. மாடல் 1-க்கு விடை 0. மாடல் 7-க்கு 60. மாடல் 20-க்கு 190. பிறகு ஒரே ஒரு வரி: ஆர்0இசட்0-லிருந்து பத்துப் பெட்டிகளை டி100-க்கு நகலெடு. இப்படிக் கூட்டமாக நகலெடுக்கும் கட்டளைக்கு பிமூவ் என்று பெயர். மாடல் 7 என்றால் ஆர்60 முதல் ஆர்69 வரை உள்ளவை டி100 முதல் டி109-க்கு வந்துவிடும். மெஷின் எப்போதும் டி100 தொடங்கி இருப்பதை மட்டும் பார்த்து ஓடும்.

20 வரி நான்கு வரியானது. புதிய மாடலுக்கு இடமும் மேல் எல்லையும் முன்பே திட்டமிட்டிருந்தால் எண்களை நிரப்பினாலே போதும், புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம். பெருக்கும் கட்டளையின் விடை 32 பிட்டாக வரும் என்பதால் இரண்டு பெட்டிகளைப் பிடித்துக்கொள்ளும். விடையை டி52-ல் போடச் சொன்னால் டி53-ம் போய்விடும். டி53-ல் வேறு ஏதாவது வைத்திருந்தால் அது அழிந்துவிடும்.

ஃபைல் ரிஜிஸ்டர்: கரண்ட் போனாலும் நினைவிருக்க வேண்டும்

இப்போது அந்த 200 எண்கள். அவற்றை எங்கே வைப்பது? சாதாரண டி0 முதல் டி199 வரையிலான பெட்டிகள் கரண்ட் போனால் காலியாகிவிடும். தினமும் காலையில் 200 எண்களைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. நிறைய எண்களை, நீண்ட நாளுக்கு, பத்திரமாக வைக்க ஒதுக்கிய இடம்தான் ஃபைல் ரிஜிஸ்டர். அலுவலகத்து பீரோ மாதிரி. மேசை மேல் இருப்பது இன்றைய வேலை, பீரோவில் இருப்பது எல்லா வேலைக்குமான ஃபைல்.

எஃப்எக்ஸ்3யு-வில் இப்படிப் பத்திரமாக வைக்க மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்று, டி1000-லிருந்து பாராமீட்டரில் ஒதுக்கும் ஃபைல் ரிஜிஸ்டர். 500 பெட்டி ஒரு பிளாக், அதிகபட்சம் 14 பிளாக், ஆக 7,000 பெட்டிகள். ஒவ்வொரு பிளாக்குக்கும் புரோகிராம் இடத்தில் 500 ஸ்டெப் குறையும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே எண்ணுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும் என்பது. புரோகிராம் மெமரியில் ஒரு மூலப்பிரதி, ஓடும்போது பயன்படும் நகல் இன்னொன்று. மெஷினை ஆன் செய்யும்போது மூலம் நகலின் மேல் எழுதப்படும்.

விளைவு என்ன? டச் ஸ்கிரீனில் மாற்றிய எண் நகலில் மட்டும்தான் மாறும். மழைக்காலத்தில் ஒரு மாலை கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுத்து, மெஷின் மறுபடி ஆன் ஆனால் பழைய எண் வந்து உட்கார்ந்துவிடும். "நேத்து மாத்துனோமே சார், எப்படித் திரும்பி வந்துச்சு?" என்று கேட்பார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நகலை மூலத்துக்கு எழுத வேண்டும், அதை யாரும் எழுதவில்லை. அதற்கு எம்8024 என்ற பிட்டை ஆன் செய்து, பிமூவ் கட்டளையின் இரண்டு பக்கமும் ஒரே ஃபைல் ரிஜிஸ்டர் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, ஆர் ரிஜிஸ்டர். எஃப்எக்ஸ்3யு-வில் இதை நீட்டிப்பு ரிஜிஸ்டர் என்பார்கள். ஆர்0 முதல் ஆர்32767 வரை. நமது உதாரணத்தில் பயன்படுத்தியது இதைத்தான். இதற்கு ஒரே பிரதி, நேரடியாக எழுதலாம், படிக்கலாம். ஆனால் இதைக் காப்பாற்றுவது பி.எல்.சி.க்குள் இருக்கும் சின்ன பேட்டரி. 25 டிகிரி வெப்பத்தில் ஐந்து ஆண்டு என்பது கணக்கு. சென்னை மே மாதத்தில், ஃபேன் ஓடாத பேனலுக்குள் 25 டிகிரியை எங்கே தேடுவது? பேட் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியும் தீர்ந்தால் 20 மாடல் செட்டிங்கும் போய்விடும். மாற்றும்போதும் பழையதைக் கழற்றி 20 நொடிக்குள் புதியதை மாட்டிவிட வேண்டும்.

மூன்று, இஆர் என்ற நீட்டிப்பு ஃபைல் ரிஜிஸ்டர். இதற்குத் தனியாக மெமரி கேசட் மாட்ட வேண்டும். ஃபிளாஷ் மெமரி என்பதால் பேட்டரி கவலை இல்லை. ஆனால் எழுதும் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, சுமார் 10,000 முறை. மாடல் செட்டிங் மாறும்போது மட்டும் எழுதினால் ஆயுசுக்கும் போதும். தவறுதலாக நொடிக்கு ஒரு முறை எழுதும்படி புரோகிராம் போட்டால்? மூன்று மணி நேரத்துக்குள் 10,000 தீர்ந்துவிடும்.

எங்கே தவறு நடக்கிறது?

இன்டெக்ஸ் வரியைச் சுருக்கும், ஆபத்தை நீக்காது. 20 வரி எழுதியபோது மாடல் 25 என்று யாராவது தட்டினால் எந்த வரியும் பொருந்தாது. இன்டெக்ஸில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் மெஷின் எங்காவது போகப் பார்க்கும். அந்த "எங்காவது"தான் பிரச்சினை.

முதல் வகை, இல்லாத முகவரி. மாடல் நம்பர் 0 என்று பதிவாகிவிட்டது என்று வையுங்கள். 1-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் மைனஸ் 10. ஆர் மைனஸ் 10 என்று ஒரு பெட்டியே கிடையாது. எஃப்எக்ஸ்3யு இதை இயக்கப் பிழையாகக் கருதி எம்8067 என்ற பிட்டை ஆன் செய்யும், 6706 என்ற பிழை எண் பதிவாகும். ஆனால் பி.எல்.சி. நிற்காது. அந்த ஒரு வரியை மட்டும் செய்யாமல் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். டி100 முதல் டி109 வரை பழைய மாடலின் செட்டிங் அப்படியே இருக்கும். முதலில் சொன்ன கதை இதுதான். அலாரம் இல்லை, மெஷின் ஓடுகிறது, பாகம் மட்டும் தப்பு.

இரண்டாவது வகை, இருக்கிற ஆனால் தவறான முகவரி. மாடல் 25 என்று தட்டினால் விடை 240. ஆர்240 என்ற பெட்டி உண்மையிலேயே இருக்கிறது. அங்கே வேறு யாரோ உற்பத்திக் கணக்கை வைத்திருக்கலாம். பி.எல்.சி.யைப் பொறுத்தவரை பிழையே இல்லை. உற்பத்திக் கணக்கு எண்ணை எடுத்து அழுத்தத்தின் அளவாகப் பயன்படுத்தும். முதல் வகையைவிட இது மோசம். பாகம் வீணாவதோடு நிற்காது, டூல் உடையலாம், ஆளுக்கும் ஆபத்து.

மூன்றாவது வகை, ஒன்று கூட அல்லது ஒன்று குறைய. "பல்லாவரத்திலிருந்து மூணாவது ஸ்டேஷன்ல இறங்கு தம்பி" என்றால், பல்லாவரத்தையும் சேர்த்து எண்ணுபவர் சானடோரியத்தில் இறங்கிவிடுவார். மாடல் நம்பரிலிருந்து 1-ஐக் கழிக்க மறந்தால் இதே கதை. மாடல் 7-க்கு மாடல் 8-ன் செட்டிங் வரும். எண்கள் பார்க்க நியாயமாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

நான்காவது வகை, நடு ஷிஃப்டில் வெடிக்கும் பிழை. ஒவ்வொரு பாகத்தின் டார்க் அளவையும் டி300 முதல் டி399 வரை வரிசையாகப் பதிவு செய்யும் புரோகிராம் ஒன்று. ஒவ்வொரு பாகத்துக்கும் இசட்1-ல் ஒன்று கூடும். 100 பாகம் முடிந்ததும் இசட்1-ஐ 0 ஆக்க மறந்துவிட்டார்கள். 101-வது பாகத்தின் அளவு டி400-ல் போய் விழும். அங்கே வேறு செட்டிங் இருந்தால் அது அழியும். டிரையல் ரன்னில் பத்துப் பாகம் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் இது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

ஐந்தாவது வகை, வி-யில் கிடக்கும் குப்பை. 32 பிட் கட்டளையில் இன்டெக்ஸ் போடும்போது வி, இசட் இரண்டும் ஜோடியாகிவிடும். இசட்0 கீழ்ப்பாதி, வி0 மேல்பாதி. வி0-ல் பழைய எண் ஏதாவது கிடந்தால் முகவரி எங்கேயோ போய்விடும். வி0-ஐ முதலில் 0 ஆக்குவது அல்லது 32 பிட்டாகவே இசட்0-ல் எழுதுவது, இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

ஆறாவது வகை, ஒரே இசட்-ஐ இரண்டு பேர் பயன்படுத்துவது. மாடல் செட்டிங்குக்கு இசட்0-ஐப் பயன்படுத்தும் புரோகிராமுக்கு நடுவில், இன்டரப்ட்டில் ஓடும் இன்னொரு பகுதி இசட்0-ஐ மாற்றிவிட்டால்? தப்பான பெட்டிதான் திறக்கும். வேறு வேறு வேலைக்கு வேறு வேறு இசட் ஒதுக்குவது நல்லது. முடியாவிட்டால், பயன்படுத்துவதற்கு முந்தைய வரியிலேயே மதிப்பைப் போட வேண்டும், குறுக்கே வரும் பகுதி இசட்புஷ், இசட்பாப் கட்டளைகளால் பழைய மதிப்பைச் சேமித்துவைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

தேடினால் கிடைக்காத எதிரி

மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டி137-ன் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது, யார் மாற்றுவது என்று தெரியவில்லை. மென்பொருளில் டி137 என்று தேடினால், எங்குமே பயன்படுத்தவில்லை என்று பதில் வரும். காரணம், புரோகிராமில் எழுதியிருப்பது டி100இசட்0. இசட்0-ல் 37 வரும்போதுதான் அது டி137 ஆகிறது. தேடலுக்கு அது தெரியாது.

இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றிருக்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இன்டெக்ஸ் போட்ட வரிகளையெல்லாம் எடுத்து, அவை எதிலிருந்து எது வரை போகலாம் என்று கணக்குப் போடுவது. புரோகிராம் எழுதியவர் அந்த வரிக்குப் பக்கத்தில் "டி100 முதல் டி199 வரை" என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால், ஒரு மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

மூன்று வேலிகள்

இவ்வளவுக்கும் தீர்வு பெரிய செலவு எதுவும் இல்லை. நமது உதாரண மெஷினில் மூன்று இடத்தில் வேலி போட்டால் போதும்.

முதல் வேலி, எல்லைச் சோதனை. மாடல் நம்பர் 1 முதல் 20-க்குள் இருக்கிறதா என்று இசட்சிபி என்ற ஒரே கட்டளையால் பார்க்கலாம். 1-க்குக் கீழே என்றால் ஒரு பிட், எல்லைக்குள் என்றால் அடுத்த பிட், 20-க்கு மேலே என்றால் மூன்றாவது பிட் ஆன் ஆகும். நடுவில் உள்ள பிட் ஆன் ஆனால் மட்டும் நகலெடுக்க வேண்டும். மற்ற இரண்டில் எது வந்தாலும் ஸ்கிரீனில் அலாரம் காட்டி, மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க வேண்டும்.

இரண்டாவது வேலி, அந்தக் காலி இடம். ஒவ்வொரு மாடலின் பத்து இடங்களில் முதல் இடத்தில் அந்த மாடலின் நம்பரையே எழுதி வைப்பார்கள். ஆர்0-ல் 1, ஆர்10-ல் 2, ஆர்60-ல் 7. நகலெடுத்து முடித்ததும் டி100-ல் வந்திருக்கும் எண்ணும் ஆபரேட்டர் தட்டிய எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் ஸ்டார்ட் கிடையாது. ஒன்று கூடிய பிழை, இசட்0 மாறிய பிழை, நகலெடுக்காமலே விட்ட பிழை, பேட்டரி போய் எண்கள் அழிந்த பிழை எல்லாமே இதில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வேலி, பி.எல்.சி. தானாகச் சொல்வதைக் கேட்பது. இயக்கப் பிழைக்கான எம்8067, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எம்8068, பேட்டரி குறைவுக்கான எம்8005. இந்த மூன்று பிட்டையும் ஸ்கிரீன் அலாரத்தில் இணைத்துவிட்டால், பேனல் கதவுக்குள் நடப்பது வெளியே தெரியும்.

மற்ற பிராண்டுகளில்?

பெயர் மாறும், சிக்கல் மாறாது. மிட்சுபிஷியின் பெரிய வகையான க்யூ சீரிஸ் யுனிவர்சல் மாடலில் இசட்0 முதல் இசட்19 வரை 20 இன்டெக்ஸ் உண்டு. அங்கே ஆர் என்பதுதான் ஃபைல் ரிஜிஸ்டர். 32,768 பெட்டி ஒரு பிளாக், பிளாக்கை மாற்ற ஆர்செட் என்ற கட்டளை. மாற்றிவிட்டுத் திரும்ப மறந்தால் ஆர்0 என்பது வேறொரு பிளாக்கின் ஆர்0 ஆகிவிடும். தொடர் எண்ணாகவே பயன்படுத்த இசட்ஆர் உண்டு. எல்லை தாண்டினால் 4101 என்ற பிழை வந்து, வழக்கமான அமைப்பில் சிபியு நின்றுவிடும். இன்டெக்ஸ் எல்லைச் சோதனையை பாராமீட்டரில் அணைத்து வைக்கவும் முடியும். வேகத்துக்காக அதை அணைப்பவர்கள், பக்கத்துப் பெட்டிகள் சத்தமில்லாமல் அழியும் அபாயத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆலன் பிராட்லியின் பழைய எஸ்எல்சி 500 வகையில் எண்களின் தொகுப்புக்கே ஃபைல் என்றுதான் பெயர். என்7 என்பது முழு எண் ஃபைல். இன்டெக்ஸுக்கு எஸ்:24 என்ற ஒரே இடம், அதைத்தான் எல்லோரும் பகிர வேண்டும். சில ஃபைல் கட்டளைகள் அதன் மதிப்பைத் தாமே மாற்றிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதற்கு முன் புதிதாக எழுத வேண்டும்.

சீமென்ஸின் எஸ்7-300, 400 வகைகளில் ஏஆர்1, ஏஆர்2 என்ற முகவரி ரிஜிஸ்டர்களும் டேட்டா பிளாக்குகளும் இதே வேலையைச் செய்கின்றன. இல்லாத முகவரிக்குப் போனால் ஓபி121 என்ற பகுதியைக் கூப்பிடும். அதை யாரும் போட்டு வைக்காவிட்டால் சிபியு ஸ்டாப் ஆகிவிடும். ஒரு பிராண்டில் மெஷின் நிற்கிறது, இன்னொன்றில் தப்பாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த பேனலுக்கு முன் நிற்கிறோம் என்பது தெரிந்திருப்பது அவசியம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

டிப்ளமோ, ஐடிஐ முடித்துவிட்டுத் தென்புறநகர்த் தொழிற்சாலைகளில் சேரும் இளைஞர்கள் பெரும்பாலும் பழைய மெஷினில்தான் வேலை பார்ப்பார்கள். புரோகிராமை முதலிலிருந்து எழுதும் வாய்ப்பு சிலருக்குத்தான் கிடைக்கும். வேறு யாரோ எழுதியதைப் படித்து, எங்கே தவறு என்று சொல்லும் வேலை எல்லோருக்கும் வரும். ஆன், ஆஃப் லாஜிக் படிக்கத் தெரிந்த பலர் டி100இசட்0 என்று பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டிப் படிக்கத் தெரிந்தவர் மெயின்டனன்ஸ் அணியில் தனித்துத் தெரிவார்.

கற்க வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை சுமார் ரூ.2,877 கோடியில் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறது. தரமணி டைடல் பார்க்கில் சீமென்ஸுடன் இணைந்து அமைக்கப்பட்ட டான்சம் மையமும் உண்டு. கையில் பி.எல்.சி. இல்லாவிட்டாலும், மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் வொர்க்ஸ்2 மென்பொருளில் சிமுலேட்டர் இருக்கிறது.

அதில் இந்த 20 மாடல் உதாரணத்தையே எழுதிப் பார்க்கலாம். முதலில் வேலி இல்லாமல் எழுதி, மாடல் நம்பராக 0, 21, 25, மைனஸ் 3 என்று வேண்டுமென்றே தப்பான எண்களைக் கொடுத்து, டி100-ல் என்ன வருகிறது என்று கவனியுங்கள். பிறகு மூன்று வேலியையும் போட்டு அதே எண்களைக் கொடுங்கள். வித்தியாசம் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

தொழிற்சாலையில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. மனிதர்கள் நம்பரைத் தப்பாகத் தட்டத்தான் செய்வார்கள். எட்டு மணி நேர ஷிஃப்டின் கடைசி அரை மணி நேரத்தில் 2-க்குப் பதில் 22 என்று விரல் படுவது இயல்பு. அதைத் தாங்கிப் பிடிப்பது புரோகிராமின் பொறுப்பு. அடுத்த முறை ஒரு பேட்ச் ரிஜெக்ட் ஆனால், பட்டனை அழுத்தியவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதற்கு முன்னால், அந்த மெஷினின் புரோகிராமைத் திறந்து எல்லைச் சோதனை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.